மைனஸ் 20 டிகிரியில் ஒலிப்பதிவு: லடாக் குளிர்காலத்துக்குக் கருவி வாங்குமுன்

பாங்காங் ஏரி உறைந்து கிடக்கும் பிப்ரவரி மாதத்தில், வெயில் ஏறும் நேரம் பார்த்து அதன் மேல் நின்றால் காலுக்கடியில் ஒரு சத்தம் ஓடும். நீளமாக இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டியதுபோல் உச்சத்தில் தொடங்கி, சட்டென்று அடித்தொண்டைக்கு இறங்கி மறைந்துவிடும். பனிக்கட்டித் தகடு விரிந்து விரிசல் விடும்போது எழும் ஓசை அது. தகட்டின் வழியே உயர்ந்த சுருதி வேகமாகவும் தாழ்ந்த சுருதி மெதுவாகவும் ஓடுகின்றன. அதனால் எங்கோ தொலைவில் விழுந்த ஒரே ஒரு விரிசல் நம் காதுக்கு இப்படி இழுபட்டு வந்து சேருகிறது.

இதைப் பிடித்துவர வேண்டும் என்றுதான் முதல் முறை போனேன். பேட்டரி முழுதாக இருப்பதாகக் காட்டிய ரெக்கார்டர், பெட்டியிலிருந்து வெளியே எடுத்த கால் மணி நேரத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டது. மாற்றுப் பேட்டரி போடக் கையுறையைக் கழற்றினேன். விரல்கள் மரத்துப்போய் ஒரு பேட்டரி கையிலிருந்து நழுவிப் பனியில் உருண்டது. விடுதிக்குத் திரும்பி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், செத்துப்போனதாக நினைத்த அதே பேட்டரிகள் பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டின. கையில் மிஞ்சிய பதிவில் இருந்தவை கொஞ்சம் காற்று, என் மூச்சிரைப்பு, ஒரு கெட்ட வார்த்தை.

அந்தப் பயணத்துக்கு முன் நான் செலவிட்ட மாலைகள் எல்லாம் எந்த மைக்கின் ஓசை நயம் உயர்ந்தது என்று ஒப்பிடுவதிலேயே போயின. கடுங்குளிரில் அது கடைசிக் கவலை. முதலில் கைவிடுவது பேட்டரி. அடுத்து உங்கள் விரல்கள். அதன் பிறகு கேபிள். மைக் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே யோசிக்கும் வரிசையும் அதுவாகவே இருக்கட்டும்.

எவ்வளவு குளிர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் மைனஸ் 15 டிகிரி என்பது அங்கே செய்தியே ஆகாது. பாங்காங் 4,200 மீட்டருக்கும் மேலே. ஜான்ஸ்கர் ஆறு உறைந்து, அதன் மேல் 'சாதர்' நடைப்பயணம் நடக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பள்ளத்தாக்குக்குள் இரவு வெப்பநிலை மைனஸ் 20-ஐத் தாண்டிப் போகும். நமக்குப் பழக்கமான அளவுகோலில் சொன்னால், ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி படியும் காலை பூஜ்ஜியத்தை ஒட்டியது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18. அதாவது மீனும் ஐஸ்கிரீமும் கிடக்கும் இடத்தில் நீங்கள் நின்றுகொண்டு பொத்தான் அழுத்தப் போகிறீர்கள்.

கையடக்க ரெக்கார்டர்களின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி என்றுதான் பெரும்பாலானவற்றில் இருக்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் கருவி வெடித்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. அதற்குக் கீழே நடப்பதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கமாட்டார், அவ்வளவுதான். அந்த எல்லைக்கு வெளியே எத்தனையோ பேர் இதே கருவிகளைக் கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். கருவியை எல்லைக்குள்ளேயே, அதாவது உங்கள் சட்டைக்குள்ளேயே, வைத்துக்கொள்வதுதான் வழி. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியதுதான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அரை மணி நேரம் வெளியே போய்ப் பதிவு செய்துவிட்டு அறைக்குத் திரும்பப் போகிறீர்களா, நாள் முழுவதும் நடக்கப் போகிறீர்களா, அல்லது இரவு முழுவதும் கருவியை வெளியே விட்டுவைக்கப் போகிறீர்களா? மூன்றும் மூன்று விதமான செலவு. புதியவர்கள் மூன்றாவதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பேட்டரி: இங்கேதான் பணமும் கவனமும்

சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அளவு பேட்டரியை எடுத்துக்கொள்வோம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அல்கலைன் வகைக்குள் இருக்கும் மின்பகுபொருள் நீரில் கரைக்கப்பட்டது. குளிர் ஏற ஏற அதற்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிறது, உள்தடை கூடுகிறது. ரெக்கார்டர் கொஞ்சம் மின்சாரம் இழுத்ததும் மின்னழுத்தம் சரிகிறது. அதைப் பார்த்து 'பேட்டரி தீர்ந்தது' என்று கருவி தானே அணைந்துவிடுகிறது. உண்மையில் மின்சாரம் உள்ளேயேதான் இருக்கிறது, வெளியே வர முடியவில்லை. சூடு கண்டதும் திரும்ப வரும். எனக்கு விடுதியில் நடந்தது அதுதான். குளிரில் 'தீர்ந்த' பேட்டரியைத் தூக்கி எறியாதீர்கள். உடம்போடு ஒட்டிய பையில் போட்டுவையுங்கள்.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் அல்கலைனைவிட நன்றாகத் தாங்கும். தரமானவற்றுக்கு மைனஸ் 20 வரை மின்சாரம் தருவதாகவே குறிப்பு உண்டு. அறைக்குத் திரும்பி வருகிற வேலைக்கு இவை போதும், செலவும் மிச்சம்.

நாள் முழுவதும் வெளியே இருப்பவர்களுக்கு என் தேர்வு, ரீசார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ பேட்டரி. எனர்ஜைசர் நிறுவனத்தின் அல்டிமேட் லித்தியம் இந்த வகையில் பரவலாகத் தெரிந்தது. உள்ளே நீர் கிடையாது; மைனஸ் 40 வரை இயங்கும் என்பது அதன் குறிப்பு. ஒன்று சுமார் 15 கிராம், அல்கலைனோ 23 கிராம். விலை உறுத்தும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. லேயில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாமல் ஊரிலேயே வாங்கிச் செல்லுங்கள். இதில் ஒரு குணக்கேடும் உண்டு. கடைசிவரை மின்னழுத்தம் இறங்காமல் நின்று, பிறகு செங்குத்தாக விழும். அளவுகாட்டி முழுதாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்து திடீரென்று கைவிரிக்கும். ரெக்கார்டரின் அமைப்புகளில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் அங்கே 'லித்தியம்' என்று மாற்றிவிடுங்கள், கொஞ்சமாவது நம்பலாம். அதைவிட நம்பகமானது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறித்துவைத்துப் பாதியிலேயே மாற்றிவிடுவது.

'லித்தியம்' என்ற பெயரில் ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். 14500 என்ற எண்ணோடு, ஏஏ போலவே அச்சு அசலாக இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி ஒன்று டார்ச் விளக்குகளுக்காக விற்கப்படுகிறது. அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட். ஏஏ கேட்கும் ரெக்கார்டரில் அதைப் போட்டால் கருவிக்கு அதுவே கடைசி நாளாக இருக்கலாம். வாங்கும்போது உறையில் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கைபேசியில் இருப்பதுபோல் உள்ளேயே பொருத்திய லித்தியம் அயான் பேட்டரி கொண்ட ரெக்கார்டர்? லடாக்குக்கு என்று வாங்குவதானால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பேட்டரி குளிர்ந்து படுத்துவிட்டால் கழற்றி மாற்ற வழியில்லை. பவர் பேங்கைச் செருகிச் சமாளிக்கலாம் என்றால் அதிலும் ஒரு விபரீதம் உண்டு. பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் அயான் பேட்டரியை சார்ஜ் செய்தால், உள்ளே உலோக லித்தியம் படலமாகப் படியத் தொடங்குகிறது. அது நிரந்தரச் சேதம். பேட்டரியின் ஆயுளைத் தின்னும், பாதுகாப்பையும் கெடுக்கும். குளிரில் மின்சாரம் எடுப்பது வேறு, ஏற்றுவது வேறு. ஏற்றுவதை எப்போதும் அறையின் சூட்டுக்கு வந்த பிறகே செய்யுங்கள்.

பவர் பேங்கில் ஓடும் ரெக்கார்டர்கள் பல உண்டு, நல்ல வசதிதான். மூன்று விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. 'யாரும் பயன்படுத்தவில்லை' என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் சில நிமிடங்களில் தாமாக அணைந்துவிடும். வேறு சில, பதிவில் மெல்லிய ரீங்காரத்தைக் கலந்துவிடும். பனிவெளியின் அமைதியில் அது கொசுபோல் கேட்கும். இந்த இரண்டையும் ஊரிலேயே கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது விமானம். உபரி லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி. 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 வாட் மணி, பிரச்சினையில்லை. ஏஏ பேட்டரிகளை முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி சிறு டப்பாவில் அடுக்கிக் கைப்பையில் வையுங்கள். லே எல்லைப்புற விமான நிலையம், சோதனை கறாராக இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

கையைச் சூடாக்கும் சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றனவே, அவற்றை ரெக்கார்டர் பையில் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் அதற்குள் இருப்பது இரும்புத் தூள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் சூடு பிறக்கிறது. காற்றுப் புகாத பெட்டிக்குள் போட்டு மூடினால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். லே உயரத்தில் காற்றில் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பொட்டலமும் நம்மைப்போலவே மூச்சுவாங்கும். துணிப் பையில், கருவியின் மேல் நேரடியாகப் படாமல் ஒரு காலுறைக்குள் சுற்றிப் போடுங்கள்.

ரெக்கார்டர்: கடைக்குக் கையுறையோடு போங்கள்

புதியவர்களுக்கு எல்லாரும் சொல்லும் யோசனை, மேலேயே மைக் பொருத்திய சிறு ரெக்கார்டர் ஒன்று வாங்கு என்பது. நம் ஊருக்கு நல்ல யோசனைதான். கடுங்குளிருக்கு அதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. மைக் வெளியே இருக்க வேண்டும், பேட்டரி உள்ளே சூட்டில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே வெளி மைக் செருகும் வாய் உள்ள ரெக்கார்டர்தான் வேண்டும். ஹெட்ஃபோன் செருகும் அளவிலான 3.5 மில்லிமீட்டர் வாயாக இருந்தாலும் சரி, தொழில்முறை மைக்குகளுக்கான மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வாயாக இருந்தாலும் சரி. ரெக்கார்டர் மேலங்கிக்குள் உங்கள் உடம்புச் சூட்டில் இருக்கும். ஒரு கேபிள் மட்டும் கழுத்து வழியே வெளியே போகும். இந்த ஓர் ஏற்பாடு, மற்ற எல்லாத் தந்திரங்களையும்விட அதிக நேரத்தை உங்களுக்கு வாங்கித் தரும்.

அடுத்து, பொத்தான்கள். வாங்கப் போகும்போது மெல்லிய கையுறை ஒன்றும் அதன் மேல் போடும் கனமான கையுறை ஒன்றும் கொண்டுசெல்லுங்கள். சென்னை வெயிலில் கம்பளிக் கையுறையோடு ஒருவர் நுழைவதைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். கையுறையோடு கருவியை இயக்கத் தொடங்க முடிகிறதா, பதிவுப் பொத்தானைப் பார்க்காமலேயே தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா, பதிவு ஓடுகிறது என்பதை ஒரு சிவப்பு விளக்காவது சொல்கிறதா? பேட்டரி மூடி நகத்தால் நெம்ப வேண்டிய மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் எனக்குப் பிடிக்காது. குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது, அந்த மூடியின் கொக்கிதான் முதலில் உடையும். முழுக்க முழுக்கத் தொடுதிரையை நம்பும் கருவிகளையும் தவிர்க்கிறேன். கனத்த கையுறையைத் திரை உணராது.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்சிடி திரையில் உள்ள திரவப் படிகம் குளிரில் கெட்டிப்பட்டு, எண்கள் சோம்பலாக மாறும். இன்னும் குளிர்ந்தால் வெறும் சாம்பல் பூச்சாகத் தெரியும். சூடு வந்ததும் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். ஓஎல்இடி திரை இதில் தேவலை.

32-பிட் ஃப்ளோட் என்ற வசதி இப்போது சிறிய கருவிகளிலும் வந்துவிட்டது. ஒலி அளவை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டியதில்லை. மெல்லிய ஓசையும் திடீர் வெடிப்பும் ஒரே பதிவில் அடங்கும், பிறகு கணினியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். நகரத்தில் இதைச் சோம்பேறிகளின் வசதி என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். உறைந்த ஏரியில், பத்து நிமிடம் ஒன்றுமே இல்லாமல் இருந்து ஒரு விரிசல் துப்பாக்கிபோல் வெடிக்கும் இடத்தில், கையுறையைக் கழற்றித் திருகு திருக வேண்டியதில்லை என்பது பெரிய வரம். மைக்கே தாங்க முடியாத அளவுக்குச் சத்தம் வந்தால் மட்டும் இதுவும் காப்பாற்றாது. ஸூம் எஃப்3 என்ற சிறு பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு எக்ஸ்எல்ஆர் வாய், இரண்டு ஏஏ பேட்டரி, யுஎஸ்பி-சி வழியே வெளி மின்சாரம், ஒலி அளவுத் திருகே கிடையாது. அதன் அண்ணனான எஃப்6 நான்கு ஏஏ பேட்டரிகளிலும், வீடியோ கேமராக்களில் போடும் சோனி எல் வகைப் பேட்டரியிலும் ஓடும். இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் சொன்ன குணங்கள் ஒரே இடத்தில் எப்படிச் சேரும் என்று காட்டவே சொன்னேன்.

மெமரி கார்டு பெரிய செலவில்லை, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் போன்ற கார்டுகளுக்கு மைனஸ் 25 வரை தாங்கும் என்று குறிப்பு உண்டு. ஒரே நீளமான பதிவாக இல்லாமல் பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போகட்டும், ஒரு துண்டோடு போகும்.

மைக்

இயற்கை ஒலிக்குப் பயன்படும் மைக்குகள் பெரும்பாலும் கண்டென்சர் வகை, அதாவது மெல்லிய சவ்வின் அதிர்வை மின்குறியாக மாற்றுபவை. குளிரைவிட ஈரம்தான் இவற்றின் எதிரி. மெல்லிய சவ்வில் நீர் படிந்தால் பொரிவதுபோல் சத்தம் கொடுக்கும். சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை மைக்குகள் ரேடியோ அலைவரிசை முறையில் இயங்குபவை, ஈரத்தை நன்றாகத் தாங்கும் என்று பெயர் எடுத்தவை. கையில் தாராளமாகப் பணம் இருந்தால் அங்கே போங்கள்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது வேறு. பிரைமோ இஎம்272 என்ற சிறு எலக்ட்ரெட் மைக் வில்லையைக் கொண்டு செய்யப்படும் சட்டை மைக் ஜோடிகள் இயற்கை ஒலி ஆர்வலர்களிடையே பிரபலம். விரல் நுனி அளவுதான் இருக்கும். மைக்கே எழுப்பும் சொந்த இரைச்சல் மிகக் குறைவு. எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியே ரெக்கார்டர் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் 'ஃபேன்டம்' மின்சாரம் கேட்காமல், 3.5 மில்லிமீட்டர் வாயில் வரும் சிறு மின்னழுத்தத்திலேயே ஓடும். அந்த மின்சாரத்தைத் தரும் ரெக்கார்டராக இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஃபேன்டம் மின்சாரம் பேட்டரியை எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்பதைக் குளிரில் ஒரு முறை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொப்பியின் இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டால் நீங்களே மைக் ஸ்டாண்டு.

பனிக்கட்டிக்குள் ஓடும் ஓசை வேண்டுமென்றால் காற்று வழியே கேட்கும் மைக்கைவிடத் தொடு மைக் மேல். அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ வில்லை ஒன்றும் கேபிளும்தான் சரக்கு. மின்னணுவியல் தெரிந்தவர்கள் வீட்டிலேயே பற்றவைத்துக்கொள்வார்கள். அதைப் பனியின் மேல் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒரு நிமிடத்தில் தானே உறைந்து ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது இழுக்காதீர்கள், ஃபிளாஸ்கில் இருக்கும் வெந்நீரைக் கொஞ்சம் அதன் மேல் விடுங்கள். பீசோவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அதைச் செருகும் வாயின் உள்ளீட்டு மின்மறுப்பு, அதாவது வரும் மின்குறிக்கு அது காட்டும் தடை, 1 மெகா ஓம் அளவுக்கு வேண்டும். சாதாரண மைக் வாயில் நேரடியாகச் செருகினால் அடித்தொனி முழுக்கக் காணாமல் போய்த் தகர டப்பாவாகக் கேட்கும். இடையில் ஒரு சிறு பீசோ முன்பெருக்கி வைக்க வேண்டும். நீருக்கடி மைக்கும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஏரியில் துளை வேண்டும், துளை மறுபடி உறைந்து கேபிளைப் பிடித்துக்கொள்ளும். முதல் பயணத்துக்கு அந்த வம்பு எதற்கு?

கேபிளும் காற்றும்

வழக்கமான பிவிசி உறை போட்ட கேபிள் குளிரில் கம்பிபோல் விறைக்கும். சுருட்டினால் சுருளாது, வலிந்து மடக்கினால் உறை விண்டுபோகும். விறைத்த கேபிள் எதில் தட்டினாலும் அந்தத் தட்டல் மைக் வரை போகும். சிலிக்கான் உறை கேபிளோ, குளிருக்கென்று மதிப்பிடப்பட்ட கேபிளோ வாங்குங்கள். நீளம் ஒன்றரை மீட்டருக்குமேல் வேண்டாம். மைக்கைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்களும் இப்படித்தான், நெகிழ்ச்சி போய்க் கட்டையாகிவிடும். ரைகோட் நிறுவனத்தின் 'லைர்' என்ற மைக் தாங்கிகள் ரப்பர் இல்லாத பிளாஸ்டிக்கால் ஆனவை, அந்தச் சங்கடம் இல்லை.

காற்றுக்கு ரோம உறை கட்டாயம். நுரை உறை மட்டும் போதாது, பாங்காங்கில் மதியத்துக்குமேல் வீசும் காற்றுக்கு அது வெறும் அலங்காரம். காலையில் சீக்கிரம் போனால் காற்றும் குறைவு. வெப்பநிலை மாறும் நேரம் என்பதால் பனியும் அதிகம் பேசும். ரோமத்தில் உறைபனி படிந்தால் உதறிவிடுங்கள், வாயால் ஊதாதீர்கள். ஸ்டாண்டு உலோகமாக இருந்தால் காலைச் சுற்றிப் பழைய துணியோ நுரையோ கட்டுங்கள்; மைனஸ் 20-இல் வெறுங்கையால் அலுமினியத்தைப் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

நீங்களும் கருவியின் ஒரு பகுதிதான். நைலான் மேலங்கி மூச்சு விட்டாலே சரசரக்கும். மேலே கம்பளியோ ஃப்ளீஸோ அணிந்துகொண்டு, நைலானை அதற்குள் போட்டால் சத்தம் அடங்கும். பழைய கம்பளிச் சால்வை இதற்கு அற்புதமான பொருள்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஃப்ரீசர் சோதனை

இதைத் தவறவிடாதீர்கள். மைனஸ் 18 டிகிரிப் பரிசோதனைக் கூடம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மீன் துண்டங்களுக்கு நடுவே சிவப்பு விளக்கு மினுங்குவதைப் பார்த்து யாரும் அலற வேண்டாம். கையேடு சொல்லும் எல்லையைத் தாண்டிய சோதனை என்பதால் பொறுப்பு உங்களுடையது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ரெக்கார்டரில் புது பேட்டரி போட்டு, பதிவை ஓடவிட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் கூடப் போடுங்கள். இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு பையைத் திறக்காமலேயே எடுத்து மேசையில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் வேறு வேலை பாருங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் உடனே திறந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலைப்போல் கருவி உள்ளும் புறமும் வியர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கோப்பின் நீளத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஓடியது என்பதுதான் விடை. அடுத்த நாள் வேறு வகைப் பேட்டரி. ஒரு வாரத்தில், எந்த விளம்பரமும் சொல்லாத கணக்கு உங்கள் நோட்டில் இருக்கும்.

கேபிளையும் தனியாக ஒரு மணி நேரம் உள்ளே வைத்து எடுத்து, மெதுவாக வளைத்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பேட்டரி மாற்றிப் பழகுங்கள். இருபது முறை. எனக்கு முதல் நாள் மூன்று நிமிடம் ஆனது. வீட்டில் சிரித்தார்கள்.

ஃப்ரீசரில் காற்று வீசாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காற்று, கருவியை வெளி வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. அந்த வெப்பநிலைக்கு இறங்கும் வேகத்தைத்தான் கூட்டும். ஃப்ரீசரில் நடப்பது ஏரியில் அதைவிட விரைவாக நடக்கும்.

அங்கே போன பிறகு

லேயில் இறங்கிய முதல் இரண்டு நாள் கருவியைத் தொடாதீர்கள், உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். மூச்சு முட்டும் உயரத்தில் எளிய வேலையில்கூடத் தப்பு செய்வோம்; பதிவுப் பொத்தானை அழுத்தாமலேயே அரை மணி நேரம் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த ஓய்வு நாட்களில் பக்கத்திலேயே பயிற்சிக்கு இடம் இருக்கிறது. ஜனவரி வாக்கில் ஸ்பிதுக் மடாலயத்தில் குஸ்தோர் விழா நடக்கும். நீண்ட எக்காளங்களும் தாளங்களும் ஒலிக்கும் அந்த முற்றத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, உங்கள் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம். உறைந்த ஏரிக்கோ ஆற்றுக்கோ உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே வேண்டாம். எந்தப் பனி தாங்கும் என்பது அவர் காலுக்குத் தெரியும். பாங்காங் எல்லைப் பகுதி. கேபிளும் ரோம உறையுமாக நிற்பவரைப் பார்த்தால் ராணுவத்தினர் விசாரிப்பார்கள். மறைக்காமல் காட்டி, ஹெட்ஃபோனை அவர்கள் காதில் வைத்துப் பனியின் சத்தத்தைக் கேட்கக் கொடுங்கள்.

வறண்ட காற்றில் கம்பளியும் செயற்கை இழையும் உரசி உடம்பில் நிலைமின்சாரம் சேரும். ரெக்கார்டரைத் தொடும்முன் காரின் கதவு போன்ற பெரிய உலோகம் எதையாவது தொட்டு அதை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் பதிவில் ஒரு சொடுக்கு விழும். சில வேளை கருவியே ஒரு முறை அணைந்து எழும்.

எல்லாம் முடிந்து அறைக்குத் திரும்பும்போதுதான் பெரிய ஆபத்து. லடாக்கின் வெளிக்காற்று வறண்டது. ஆனால் விறகடுப்பு எரிகிற, கெட்டிலில் தேநீர் கொதிக்கிற, நாலு பேர் மூச்சு விடுகிற அறை ஈரமானது. குளிர்ந்த கருவியோடு உள்ளே நுழைந்தால் நொடியில் அதன் மேல் நீர் பூக்கும். மைக்கின் சவ்விலும் பூக்கும். ஆகவே வெளியே இருக்கும்போதே, வறண்ட குளிர்காற்றிலேயே, மைக், ரெக்கார்டர், கேபிள் எல்லாவற்றையும் ஜிப் பைகளில் போட்டு மூடிவிடுங்கள். உள்ளே கொண்டுவந்து அடுப்பிலிருந்து தள்ளி, அறையின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். காலை வரை திறக்க வேண்டாம். நீர் படிந்துவிட்ட மைக் என்றால் மறுபடி குளிருக்குள் கொண்டுபோகாதீர்கள், படிந்த நீர் அங்கே உறையும்.

பதிவைக் கேட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அதற்கும் வழி இருக்கிறது. பையை மூடுவதற்கு முன், ஏரிக்கரையிலேயே மெமரி கார்டைக் கழற்றி அதன் சிறு பெட்டியில் போட்டு உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதி போய்ச் சேர்வதற்குள் அது சூடாகியிருக்கும். அடுப்பருகே உட்கார்ந்து, மடிக்கணினியில் செருகி, கார்டில் என்ன சிக்கியிருக்கிறது என்று கேட்கலாம்.